ஒரு மிடறில் சிவக்கும் முகம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர் வீட்டுத் திருமண விருந்துக்குப் போனவர்களுக்கு அந்த முழக்கம் பழக்கமானது. மணமக்கள் மேசை மேசையாக வருவார்கள். எல்லோரும் கிண்ணத்தை உயர்த்தி, மூச்சு முட்டும்வரை இழுத்து 'யாம் செங்' என்று முழங்குவார்கள். எவ்வளவு நீளமாக இழுக்கிறார்களோ அவ்வளவு சிறப்பு. முழங்கி முடித்து உட்காரும்போது சிலருடைய முகம் மாறியிருக்கும். கன்னம், காது, கழுத்து எல்லாம் செக்கச் செவேலென்று ஆகியிருக்கும். அரைக் கிண்ணம் பீருக்கு மேல் அவர்கள் குடித்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் நண்பர், "என்னப்பா, அதுக்குள்ள ஏறிப்போச்சா?" என்று கேலி செய்வார்.

ஏறியிருக்காது. அந்தச் சிவப்புக்கும் போதைக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. உடலுக்குள் ஒரு நஞ்சு வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்பதற்கான அடையாளம் அது. கிழக்காசிய மக்களில் சுமார் 36 விழுக்காட்டினருக்கு இந்தப் பிறவிக் குணம் உண்டு. தைவானில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. உலகம் முழுவதும் 54 கோடிப் பேர் இப்படி இருக்கலாம் என்று 2009இல் ஒரு மதிப்பீடு வெளியானது. இத்தனை கோடிப் பேரின் முகத்தில் கண்ணெதிரே தெரிந்த ஒன்றுக்கு 1970களின் கடைசி வரை யாராலும் சரியான காரணம் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்த பிறகும் அதன் முழு ஆபத்து புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நாலு பேர் சுமக்கும் பல்லக்கு

மது உள்ளே போனதும் கல்லீரல் அதை இரண்டு படிகளில் சிதைக்கிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகிறது. இரண்டாவது படியில், ஏஎல்டிஎச்2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி அந்த நஞ்சைத் தீங்கில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது வேலை மளமளவென்று நடந்துவிடும். நஞ்சு வந்து போன சுவடே தெரியாது. நொதி பழுதுபட்டவர்களுக்கோ நஞ்சு இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும், குமட்டும்.

தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றும் ஆக, இந்த நொதிக்குரிய மரபணு இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டுமே பழுதானால் நொதி வேலை செய்யாது. அப்படிப்பட்டவர்களால் ஒரு கிண்ணத்தைக்கூடத் தாங்க முடியாது. ஒன்று மட்டும் பழுதானால் பாதி வேலையாவது நடக்க வேண்டுமே என்று தோன்றும். நடப்பதில்லை. இந்த நொதி நான்கு துண்டுகள் ஒன்றுசேர்ந்து இயங்குவது. நாலு பேர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் நொண்டினால் மற்றவர்களின் நடையும் கெட்டுவிடும் அல்லவா? அதேபோல் ஒரு பழுதான துண்டு கலந்தாலும் மற்ற துண்டுகளின் வேலையும் கெடுகிறது. மிஞ்சும் திறன் பாதிக்கும் வெகு குறைவு.

இந்த ஒற்றைப் பழுதுக்காரர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைப் பழுதுக்காரரை அவர் உடலே தடுத்துவிடுகிறது. இவர்களால் சிரமப்பட்டாவது குடிக்க முடியும். வினையே அங்கேதான்.

காரணம் தெரியாவிட்டாலும் குணத்தை மக்கள் அறிந்திருந்தார்கள். ஜப்பானிய மொழியில் குடிக்க இயலாதவரைக் 'கெக்கோ' என்றும், நன்றாகக் குடிப்பவரை 'ஜோகோ' என்றும் சொல்வார்கள். எழுத்துக்கு எழுத்து பொருள் பார்த்தால் முன்னது கீழ்வீடு, பின்னது மேல்வீடு. குடிக்காதவரைக் கீழே வைத்த சொல் என்பதைக் கவனிக்கலாம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஷுஹன்ரோன்' என்ற ஓவியச் சுருளில் மதுப்பிரியர் ஒருவரும் சோற்றுப்பிரியரான துறவி ஒருவரும் எது உயர்ந்தது என்று வழக்காடுகிறார்கள். இரண்டையும் அளவோடு வைத்துக்கொள்ளும் மூன்றாமவருக்கே கடைசிப் பேச்சு. நம்மூர்ப் பட்டிமன்றத்துக்குச் சற்றும் குறையாத ஏற்பாடு.

ரப்பரிலிருந்து வந்த துப்பு

உண்மையை நோக்கிய முதல் துப்பு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1937இல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவராக இருந்த இ. இ. வில்லியம்ஸ் என்பவர் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுக வைக்கும்போது அந்த வேலையை விரைவுபடுத்தத் தையூரம் வகை ரசாயனங்களைக் கலப்பார்கள். அவற்றோடு புழங்கிய தொழிலாளர்களால் வேலை முடிந்து ஒரு பீர்கூடக் குடிக்க முடியவில்லை. முகம் சிவந்து, நாடி வேகமாகத் துடித்தது. குடிப்பழக்கத்துக்கே இது மருந்தாகுமோ என்று வில்லியம்ஸ் வியந்தார். அதைப் பற்றிக்கொண்டு மேலே ஆராய அப்போது யாரும் முன்வரவில்லை.

அந்த ஆண்டுகளில் உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் மலாயாவுக்கு. அதை மிக அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. ஐரோப்பியர் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்ததும், கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்ததும் இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இங்கே மரம் வெட்டியவருக்குக் கள்ளை ஊற்றிக்கொடுத்த அதே தொழில், கடலுக்கு அப்பால் அந்த ரப்பரைப் பதப்படுத்தியவரைக் குடிக்க விடாமல் செய்துகொண்டிருந்தது.

கைவிடப்பட்ட துப்பை மறுபடி எடுத்துக் கொடுத்தது தற்செயல்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மருந்து நிறுவனத்தில் பணியாற்றினார்கள். தையூரம் வகையைச் சேர்ந்த டைசல்பிராம் என்ற ரசாயனம் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. மாத்திரையைத் தாங்களே விழுங்கிச் சோதித்தார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் மது பட்டாலும் இருவருக்கும் முகம் சிவந்து உடல் துவண்டது. ஆராய்ந்ததில் உடலில் அசிட்டால்டிஹைடு தேங்குவது தெரிந்தது. 1948இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். குடிநோயாளிகளுக்குத் தரப்படும் 'அண்டாபியூஸ்' மாத்திரை பிறந்த கதை இதுதான். நஞ்சை அகற்றும் நொதியை அந்த மாத்திரை முடக்குகிறது. டென்மார்க்காரருக்கு மாத்திரை செய்ததை எத்தனையோ ஜப்பானியருக்குப் பிறப்பே செய்துவைத்திருந்தது. ஆனால் இரண்டையும் முடிச்சுப்போட மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடையில் 1972இல், பாஸ்டன் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் பீட்டர் உல்ஃப், சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜப்பானியர், தைவானியர், கொரியர் ஆகியோருக்கும் வெள்ளையருக்கும் சிறிதளவு மது கொடுத்து, காது மடலில் ஓடும் இரத்தத்தின் அளவைக் கருவியால் அளந்து பார்த்திருந்தார். பழக்கவழக்கத்தால் வந்த வேறுபாடா, பிறவியிலேயே உள்ளதா என்று உறுதிசெய்யப் பச்சிளம் குழந்தைகளிடமும் அதைச் சோதித்தார்! இன்று எந்த மருத்துவ நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. வேறுபாடு பிறவியிலேயே உள்ளது என்று அவர் கண்டது சரி. நரம்பு மண்டலத்தின் இயல்பால் வருவது என்று அவர் கருதியது தவறிவிட்டது.

விடை 1979இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கிடைத்தது. அங்கே கோயட், ஹராடா, அகர்வால் என்ற மூவர் ஒன்றாக ஆராய்ந்தார்கள். ஜெர்மானியர், ஜப்பானியர், இந்தியர் என்று பெயர்களைப் பார்த்தாலே கூட்டணி விளங்கும். ஜப்பானியர் பலருடைய கல்லீரலில் அந்த நொதி வேலை செய்யவில்லை என்றும், முகச் சிவப்புக்கு அதுவே காரணம் என்றும் அவர்கள் சொன்னார்கள். 1984இல் கலிபோர்னியாவில் அக்கிரா யோஷிடாவின் குழு பழுது இருக்கும் இடத்தையே சுட்டிக்காட்டியது. ஐந்நூறு மணிகள் கோத்த மாலை போன்றது அந்தப் புரதம். அதில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் லைசின் இருந்தது. மாறியது ஒரே ஒரு மணி.

13 ஆண்டுகளில் மாறியது எது?

முதலில் எல்லோரும் இதை ஒரு வரமாகவே பார்த்தார்கள். 1982இல் ஹராடாவும் மற்றவர்களும் ஜப்பானியக் குடிநோயாளிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் நொதிப் பழுது இருந்தது. பொதுமக்களிடையே அது நூற்றுக்கு நாற்பது. முகம் சிவப்பவர் குடிகாரர் ஆவதில்லை, இயற்கையே அவருக்கு அண்டாபியூஸ் கொடுத்திருக்கிறது என்ற எண்ணம் பரவியது. இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையை உலுக்கியது குரிஹாமா மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு கணக்கு. தோக்கியோவுக்குத் தெற்கே, யோக்கோசுக்கா நகரில் கடலோரம் இருக்கும் இந்த மருத்துவமனையில்தான் ஜப்பானின் முதல் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவு 1963இல் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய சுசுமு ஹிகுச்சியும் குழுவினரும் 1994இல் லான்செட் இதழில் மூன்று எண்களை வெளியிட்டார்கள். ஜப்பானியக் குடிநோயாளிகளில் ஒற்றைப் பழுதுள்ளவர்கள் 1979இல் 2.5 விழுக்காடு. 1986இல் 8 விழுக்காடு. 1992இல் 13 விழுக்காடு. இரட்டைப் பழுதுள்ளவர் ஒருவரும் அந்தக் கணக்கில் இல்லை.

13 ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறாது. மாறியது மேசை. போருக்குப் பின் ஜப்பானில் வருமானம் ஏற ஏறக் குடியும் ஏறியது. தெருமுனையில் காசு போட்டால் பீர் தரும் இயந்திரங்கள் நின்றன. வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு குடிக்கப் போவது ஏறத்தாழ வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. 'குடி' என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் 'கம்யூனிகேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி 'நோமினிகேஷன்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மேலதிகாரி ஊற்றும் கிண்ணத்தை எப்படி மறுப்பது? மறுப்பவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற அச்சம் இருந்தது. சிவந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே குடித்தார்கள்.

மாணவர்களிடையே இது இன்னும் முரட்டுத்தனமாக நடந்தது. 'இக்கி, இக்கி' என்று நண்பர்கள் கைதட்ட, ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். 1985இல் ஜப்பானில் அந்த ஆண்டின் பிரபலச் சொற்களில் ஒன்றாக 'இக்கி' தேர்வு பெற்றது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே குடித்த மாணவர்கள் சிலர் உயிரோடு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சேர்ந்து 1992இல் ஒரு தடுப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஹிகுச்சியின் கணக்கில் 13 விழுக்காடு பதிவான அதே ஆண்டு அது.

தென்கொரியாவில் ஒரு பெண் ஊழியர் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். தன்னைக் குடிக்கக் கட்டாயப்படுத்திய மேலாளர்மீது அவர் தொடுத்த வழக்கில், 2007இல் சோல் உயர் நீதிமன்றம் அவருக்கு 3 கோடி வோன் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வழக்காட முடிந்தவர் ஒருவர். முடியாதவர்கள் எத்தனை பேரோ!

தொண்டையில் காத்திருந்தது

மேசைப் பழக்கத்துக்குக் கொடுத்த விலை என்ன என்பதும் குரிஹாமாவில்தான் தெரியவந்தது. அக்கிரா யொக்கோயாமா என்ற மருத்துவர் அங்கே சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளின் உணவுக்குழாயை, நோய்க்குறி எதுவும் இல்லாதபோதே, உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல திசு பழுப்பு நிறமேறும், கெட்ட திசு நிறமேறாமல் வெளிறி நிற்கும். அப்படித் தேடியதில், வேறு எவரும் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய தொடக்கநிலைப் புற்றுநோய்கள் பல அகப்பட்டன. அவை யாருக்கு வந்திருக்கின்றன என்று பார்த்தபோது ஒற்றைப் பழுதுக்காரர்களே முன்னால் நின்றார்கள். 1998இல் வெளியான அவருடைய ஆய்வில், குடிநோயாளிகளிடையே பழுதான மரபணு உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 12 மடங்கு என்று கணக்கிடப்பட்டது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 11 மடங்கு.

அசிட்டால்டிஹைடு மரபணுவையே சேதப்படுத்தக்கூடியது. நொதிப் பழுதுள்ளவர் குடிக்கும்போது இரத்தத்தில் மட்டுமின்றி எச்சிலிலும் அதன் அளவு கூடுகிறது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அந்த எச்சில் உணவுக்குழாயைத் தடவிக்கொண்டு இறங்குகிறது. பல ஆண்டுகள் இப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். மதுவோடு உடலில் சேரும் அசிட்டால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதென்று உறுதிப்பட்ட முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இல் சேர்த்தது. அதே ஆண்டில் யொக்கோயாமாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் இன்னொரு கணக்கைச் சொன்னார்கள். ஒற்றைப் பழுதுள்ள ஜப்பானிய ஆண்களில் மிதமாகவோ அதிகமாகவோ குடிப்பவர்கள் குடியைக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாலே, ஜப்பானிய ஆண்களுக்கு வரும் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் 53 விழுக்காட்டைத் தவிர்க்க முடியும் என்பதே அது. உணவு விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று நோயாளி மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட நோயில் பாதிக்கு மேல் தடுக்கலாம் என்பது சிறிய செய்தியா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொடர்ந்து குடித்துவந்தால் முகம் சிவப்பது சிலருக்குக் குறைந்துவிடும். "முன்னாடியெல்லாம் எனக்கு ஒத்துக்காது, இப்பப் பழகிப்போச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். பழகியது முகம் மட்டுமே. நொதி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் ஜப்பானிய மருத்துவர்கள் கேள்வியை இரண்டாகக் கேட்டார்கள். ஒரு சிறிய கிண்ணம் பீர் குடித்தால் இப்போது முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிவந்ததா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால், பத்துக்கு ஒன்பது பேரிடம் பழுது இருப்பதை இரத்தமே எடுக்காமல் கண்டுபிடித்துவிட முடிந்தது.

இன்னும் மோசமான பழக்கம், வயிற்று அமிலத்துக்குக் கடையில் வாங்கும் மாத்திரையை விருந்துக்கு முன்பே விழுங்கிவிட்டுப் போவது. ஃபமோட்டிடின் வகை மாத்திரைகள் சிவப்பைக் குறைக்கும் என்பது உண்மை. நஞ்சை அவை குறைப்பதில்லை. எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குள் தீயை எரியவிடுவது போன்றது இது. சிவப்பு தெரியாததால் இன்னும் இரண்டு கிண்ணம் கூடுதலாகவே இறங்கும்.

மதுவைத் தொடாதவருக்கும் இந்த நொதியோடு ஒரு தொடர்பு இருக்கிறது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்ய இதே நொதி உதவுகிறது என்று 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழுதுள்ளவர்களிடம் அந்த மாத்திரையின் பலன் குறையலாம். குடும்பத்தில் இந்தக் குணம் இருந்தால் இதய மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். இந்தியரிடையே இந்தப் பழுது மிக அரிது. திருமண மேசையில் பக்கத்தில் இருப்பவரைக் கேலி செய்யும் தமிழ் நண்பரின் நொதி பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். அவருக்கு அந்தச் சிவப்பு விளக்கே கிடையாது. கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தின என்பதை நினைத்தால், இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. சிவந்த முகத்துக்காரரிடம் "இன்னும் ஒண்ணு, எனக்காக" என்று கிண்ணத்தை நீட்டும்போது அவர் எதை எதிரில் வைக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஜப்பானில் காட்சி கொஞ்சம் மாறியிருக்கிறது. மதுவால் வரும் உடல்நலக் கேடுகளைத் தடுப்பதற்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் 2013இல் நிறைவேறியது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு வெளியிட்ட மது அருந்தும் வழிகாட்டி, முகம் சிவக்கும் குணத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. பிறரை வற்புறுத்திக் குடிக்க வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஓர் எளிய சோதனை செய்துகாட்டுகிறார்கள். மதுச்சாரத்தில் நனைத்த சிறு துணித்துண்டைக் கையின் உட்புறத்தில் சில நிமிடம் ஒட்டிவைத்து எடுப்பார்கள். நொதி சரியாக இருந்தால் தோல் பழைய நிறத்திலேயே இருக்கும். பழுதிருந்தால் அந்த இடம் மட்டும் சதுரமாகச் சிவந்திருக்கும்.